களனி ஆற்றுப்படிவில் கிடைத்த நீர்ச்சிற்றுண்ணி: புதிய இனமாக எழுத என்னென்ன வேண்டும்?

ஆற்றுமணல் கேட்டது:

வணக்கம். கொழும்பிலிருந்து எழுதுகிறேன். கித்துல்கலைப் பக்கம் களனி கங்கையில் வந்து சேரும் ஓர் ஓயாவின் (கிளையாற்றின்) சரளைத் திட்டில், 30 முதல் 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுத்த படிவில் நீர்ச்சிற்றுண்ணிகள் கிடைத்திருக்கின்றன. வளர்ந்தவை ஐந்து: ஆண் 2, பெண் 3. அவற்றோடு நிம்ப் (முதிராத பருவம்) போன்ற ஒன்றும் உண்டு. உடல் நீளம் 560 முதல் 640 மைக்றோமீற்றர். ஓடு கடினமானது, நிறம் வெளிறிய மஞ்சள், கண்கள் மிகச் சிறியவை. முதுகில் பெரிய தகடு ஒன்றும் அதற்கு முன்னால் நான்கு சிறுதகடுகளும் தெரிகின்றன. ஆகவே டொரென்டிகோலா சாதி (பேரினம்) என்று நினைக்கிறேன். கையில் உள்ள இந்தியத் திறவுகோல்கள் (இனம் காணும் வழிகாட்டிகள்) எதிலும் இது பொருந்தவில்லை.

மூன்று உயிரிகள் 70 வீத எதனோலில் இருக்கின்றன, மற்றவை கோனிக்கே என்னும் பதப்படுத்தும் திரவத்தில். எதனோலில் உள்ளவற்றின் கால்கள் தொட்டாலே உடைகின்றன. இவற்றை எப்படிப் பிரித்து ஸ்லைட் செய்வது? கொழும்பு ஈரப்பதனுக்கு, ஸ்லைட்டில் உறுப்புகளைப் பதிக்கும் எந்த ஊடகம் தாங்கும்? டி.என்.ஏ. இல்லாமல் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா? மாதிரியை இங்கே வைப்பதா, வெளிநாட்டுக்கு அனுப்புவதா? சேகரிக்கும் அனுமதி கையில் இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவி.

---

களனிக்கரை பதில்:

வணக்கம் தம்பி. முதுகுத் தகட்டுக்கு முன்னால் நான்கு சிறுதகடுகள் என்றால் டொரென்டிகோலிடே குடும்பம் என்பதில் பெரிதாகச் சந்தேகமில்லை. படிவில் இருந்து வரும் மற்ற இரண்டு கூட்டத்தோடு இது குழம்பவும் மாட்டாது. ஹலகாரிடே குடும்பச் சிற்றுண்ணிகளுக்குக் கால்கள் உடம்பின் பக்கத்தில் இருந்து புறப்படும், முன்னிரண்டு சோடி முன்னுக்கும் பின்னிரண்டு சோடி பின்னுக்கும் நீட்டி நிற்கும். கரை மண்ணில் இருந்து தவறி விழுந்த ஒரிபட்டிட் சிற்றுண்ணிக்கு உங்களுடையதில் உள்ள அகன்ற கொக்சாத் தகடுகள் (கால்களின் அடித்தகடுகள்) இராது. சாதியில் மட்டும் அவசரப்படாதீர்கள். மொனட்ராக்டிடெஸ் மேலிருந்து பார்த்தால் அச்சாக இதே தோற்றம்தான். நேதோசோமாவை (வாய்ப்பகுதியை) கழற்றிப் பக்கவாட்டில் வைத்து, பெடிபல்ப்பையும் (வாயருகே உள்ள உணர்காலையும்) தனியே பார்த்த பிறகுதான் சாதிப் பெயரை எழுத வேண்டும்.

அடுத்தது அந்த நிம்ப். டியூட்டோநிம்ப் (நடமாடும் நிம்ப்) பருவத்துக்கு இனப்பெருக்கத் துவாரம் கிடையாது, அசெட்டாபுலாவின் (இனப்பெருக்கப் பகுதியில் உள்ள சிறு கிண்ண உறுப்புகளின்) எண்ணிக்கையும் வளர்ந்ததைவிடக் குறைவு. அதன் அளவுகளை வளர்ந்தவற்றின் அளவு அட்டவணையில் சேர்க்கக் கூடாது. இனத்தை நிறுவவும் அது உதவாது. ஒரே குழியில் இரண்டு மூன்று டொரென்டிகோலா இனங்கள் சேர்ந்து வாழ்வது வழமை, ஆகவே நிம்ப் இதே இனத்தினுடையது என்று டி.என்.ஏ. இல்லாமல் சொல்ல வழியில்லை.

வளர்ந்தவை எல்லாம் உண்மையில் முதிர்ந்தவையா என்பதையும் பாருங்கள். படிவுக்குள் கிடைப்பவற்றில் அப்போதுதான் தோல் உரித்து வந்தவை நிறைய இருக்கும். அவற்றின் தகடுகள் சிறியவை, தகடுகளுக்கிடையே மென்சவ்வு அகலமாகத் தெரியும், நிறமும் வெளிறியே இருக்கும். நாட்கள் போகப் போகத் தகட்டின் ஓரத்தில் புதிய ஓட்டுப் பொருள் சேர்ந்து தகடு அகலும். முதலில் உருவான பகுதியின் எல்லைக்கோடு வயதான உயிரியில் தகட்டுக்குள்ளேயே ஒரு வளையமாகத் தெரியும். உங்கள் ஐந்திலும் அந்தக் கோடு எங்கே நிற்கிறது, அதற்கு வெளியே எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். ‘வெளிறிய மஞ்சள்’ நிலத்தடி வாழ்வுக்கான இயல்பாகவும் இருக்கலாம், இளம் பருவத்தின் நிறமாகவும் இருக்கலாம். சிறிய கண்கள் முதலாவது பக்கம் சாய்கின்றன, ஆனால் நிறத்தை இனப் பண்பாக எழுத அது மட்டும் போதாது.

ஐந்து உயிரிகளை வைத்து எழுதலாம். இருபாலும் இருப்பது பெரிய பலம். ஆனாலும் அதே இடத்தில் இன்னும் எடுக்க முடிந்தால் எடுங்கள். களனி மேற்பகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை திறமான காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் திட்டே புரண்டுவிடும்.

கரையோரத் திட்டில் கரமன், ஷப்புயி இருவரின் குழி முறை போதும். நீர்விளிம்பில் இருந்து அரை மீற்றர் தள்ளி, நீர்மட்டத்துக்குக் கீழே 20 முதல் 30 சென்ரிமீற்றர் போகும்வரை குழி தோண்டி, ஊறி வரும் நீரை அள்ளி வலையில் ஊற்ற வேண்டும். ஓரத்துச் சரளையைக் கையால் கலக்கிக்கொண்டே அள்ளுங்கள், இல்லாவிட்டால் கல்லைப் பிடித்திருப்பவை வராது. ஓடும் நீருக்கு அடியில் இருந்து எடுக்க பூ, ரூஷ் இருவரும் 1967ல் வெளியிட்ட பம்ப் முறை. முனை கூரான இரும்புக் குழாய், அடியில் 15 சென்ரிமீற்றர் நீளத்துக்கு 5 மில்லிமீற்றர் துளைகள், மேலே கைப்பம்ப். குழாயும் பம்பும் ஆமர் வீதி, பஞ்சிகாவத்தைக் கடைகளில் எடுத்து லேத்தில் முனையைக் கூராக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு, 10 லீற்றர், இறையுங்கள். முதல் சில லீற்றர்களில்தான் உயிரிகள் கூடுதலாக வரும் என்பதால், ஓரிடத்தில் 5 இன்னோரிடத்தில் 20 என்று இறைத்தால் எண்ணிக்கையை ஒப்பிட ஏலாது.

வலைக்கு ஸ்கிரீன் பிரின்ற் செய்பவர்கள் பாவிக்கும் துணி போதும். சென்ரிமீற்றருக்கு 77 நூல் உள்ளதில் கண் அகலம் ஏறத்தாழ 80 மைக்றோமீற்றர். வளர்ந்தவைக்கு 250 மைக்றோமீற்றர் சல்லடையே போதும் என்று சிலர் நினைப்பார்கள். அதில் ஒடுங்கிய உடம்புள்ளவையும் நிம்ப்களும் நழுவிவிடும். வந்த மணலை வாளியில் சுழற்றிக் கலக்கி, கனமான மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை மட்டும் வலையில் ஊற்றுங்கள். ஏழெட்டுத் தரம் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் கடின ஓடு உள்ளவை பாரம் கூடியவை, முதல் இரண்டு சுற்றில் மேலே வரமாட்டா.

துளையிடும் இடத்தையும் யோசியுங்கள். களிமண் அடைத்த படிவில் இடைவெளி இராது, ஒட்சிசனும் இராது, மணிக்கணக்காக இறைத்தாலும் வெறுமைதான். நீர் படுகைக்குள் இறங்கும் இடமான சலசலப்பின் (நீர் கற்களில் சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதியின்) மேல்தலையில் தொடங்குங்கள். கவனம்: மேலே இலக்சபான மின்நிலையங்கள் நீரைத் திறந்தால் கித்துல்கலைப் பகுதியில் வெயில் நாளிலும் நீர்மட்டம் கெதியாக ஏறும். பிரதான ஆற்றுத் திட்டில் குழி தோண்டும்போது ஒருவர் நீர்விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

---

வில்லைக்கண் பதில்:

எதனோலில் உள்ளவற்றை அப்படியே தொடாதீர்கள். மதுசாரம் தசையை விறைக்க வைத்துவிடும், மூட்டு வளையாமல் முறியும். கோனிக்கே திரவம் உருவாக்கப்பட்டதே அதற்காகத்தான்: கிளிசரின் 5 பங்கு, நீர் 4 பங்கு, செறிந்த அசற்றிக் அமிலம் 1 பங்கு, எல்லாம் கனவளவில். 100 மில்லிலீற்றருக்கு 50, 40, 10. நீரையும் கிளிசரினையும் முதலில் கலந்து, அமிலத்தைக் கடைசியாகச் சேருங்கள். எதனோல் மாதிரியை முதலில் நீர் கலந்த எதனோலுக்கும், பிறகு சில துளி கிளிசரின் சேர்த்த எதனோலுக்கும் மாற்றி, மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் மதுசாரம் மெல்ல ஆவியாகிக் கிளிசரின் தங்கும். அதன் பிறகே கோனிக்கே. நேரே போட்டால் உடம்பு சுருங்கி, முதுகுத் தகடு உள்நோக்கிக் குழியும். அந்தக் குழிவை ஸ்லைட்டில் நிமிர்த்த முடியாது.

ஒன்று முக்கியம்: எதனோலில் உள்ள மூன்றில் எதற்காவது டி.என்.ஏ. எடுக்கும் எண்ணம் இருந்தால், அது முடியும்வரை அமிலத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கோனிக்கே டி.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். 70 வீதமும் நீண்ட நாள் வைப்பதற்குப் போதாது, இப்போதே 96 வீதத்துக்கு மாற்றிக் குளிரூட்டியில் வையுங்கள்.

இனிப் பிரித்தெடுத்தல். 0.1 அல்லது 0.15 மில்லிமீற்றர் தடிப்புள்ள மினூட்டன் ஊசிகள் (பூச்சி குத்தும் மிக மெல்லிய ஊசிகள்) இரண்டை மெல்லிய குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்றின் முனையை நுணுக்குக்காட்டிக்குக் கீழே மெதுவாக வளைத்துக் கொக்கியாக்குங்கள். குழிவு ஸ்லைட்டில் ஒரு துளி கிளிசரின் போதும். துளி பெரிதானால் உயிரி உருண்டுகொண்டே இருக்கும்.

முதலில் முழு உடம்பையும் கவர் ஸ்லிப் போடாமல் மேலும் கீழும் அளந்து படம் எடுங்கள். இதைத் தவறவிட்டால் பிறகு சரிசெய்ய ஏலாது, ஏனென்றால் கவர் ஸ்லிப்பின் அழுத்தத்தில் உடம்பு விரிந்து அகலம் கூடிவிடும், நீள அகல விகிதம் பொய்யாகும். பிறகு முதுகுத் தகட்டையும் வயிற்றுத் தகட்டையும் இணைக்கும் மென்சவ்வை பின் ஓரத்தில் குத்தி, ஊசியைச் சுற்றி ஓட்டி, சிப்பியைத் திறப்பது போலத் திறவுங்கள். முன்னோரத்தில் கவனம். அந்த நான்கு சிறுதகடுகளும் அங்கேதான் இருக்கின்றன, சவ்வோடு சேர்ந்து கழன்று போகும். அவற்றை முதுகுத் தகட்டோடு சேர்ந்தே வரவிடுங்கள்.

திறந்த பிறகு நேதோசோமாவை உட்புறத்தில் இருந்து முன்னோக்கித் தள்ளினால் அதன் குழிவில் இருந்து முழுதாக வெளியே வரும். வெளியில் இருந்து இழுத்தால் பெடிபல்ப் அறுந்து கையில் வரும், அடித்தண்டு உள்ளேயே நிற்கும். நேதோசோமாவில் இருந்து ஒரு பெடிபல்ப்பை மட்டும் கழற்றுங்கள், மற்றது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கெலிசெரா (வாயின் குத்தும் உறுப்பு) இரண்டையும் பின்பக்கமாக உருவலாம். ஆக, ஒரு ஸ்லைட்டில் முதுகுத் தகடு, கொக்சாக்களோடு வயிற்றுத் தகடு, பக்கவாட்டில் நேதோசோமா, ஒரு பெடிபல்ப், ஒரு கெலிசெரா. கால் 1, கால் 4 இரண்டையும் ஒரு பக்கத்தில் இருந்து கழற்றிப் பக்கவாட்டில் கிடத்துங்கள்.

தசையைக் கரைக்க 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வேண்டும் என்று பல கையேடுகளில் இருக்கும். கோனிக்கேயில் சில வாரம் கிடந்த உயிரிக்கு அது அநேகமாகத் தேவையில்லை. பாவித்தால் அறை வெப்பநிலையில், அடிக்கடி பார்த்துக்கொண்டு, தசை கலங்கியதும் எடுத்து நீர் கலந்த அசற்றிக் அமிலத்தில் கழுவுங்கள். இரவு முழுக்க விட்டால் சீட்டாக்கள் (நுண்மயிர்கள்) உதிரும், கொக்சாக்களின் பொருத்துக்கோடுகள் மங்கும். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

ஊடகத்துக்குக் கிளிசரின் ஜெலி. ஹோயர் கலவை தெளிவாகக் காட்டும், ஆனால் ஈரத்தை இழுக்கும். கொழும்பு ஈரப்பதனில் ஓரம் வடிவாக மூடாவிட்டால் காயவே காயாது, நாளடைவில் படிகமும் கட்டும். ஹோலோடைப் (இனப்பெயரைத் தாங்கும் மூல மாதிரி) நூறு வருடம் கழித்தும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதால் நீர்ச்சிற்றுண்ணி ஆட்கள் கிளிசரின் ஜெலியை விரும்புகிறார்கள். வெந்நீரில் வைத்து உருக்கினால் போதும், நேரடி நெருப்பு வேண்டாம், குமிழி வரும். உறுப்புகளைச் சுத்தக் கிளிசரினில் ஊறவைத்த பிறகே ஜெலியில் வையுங்கள். நேதோசோமா தடிப்பானது, அதன் பக்கத்தில் உடைந்த கவர் ஸ்லிப்பின் சிறு துண்டுகளைத் தாங்கலாக வைக்காவிட்டால் மேலே போடும் கவர் ஸ்லிப் அதை நசுக்கும். ஒரு வழி: தடிப்பான உறுப்புக்கு ஒரு கவர் ஸ்லிப், தட்டையான உறுப்புகளுக்கு இன்னொன்று என்று ஒரே ஸ்லைட்டில் இரண்டு கவர் ஸ்லிப். ஜெலி இறுகியதும் ஓரத்தைத் துடைத்து, ஓரவார்னிஷ் இரண்டு பூச்சு. நகப்பூச்சு சில வருடத்தில் வெடித்து உள்ளே காற்று போகும், ஹோலோடைப்புக்கு அது சரிவராது. ஸ்லைட்டுகளை எப்போதும் கிடையாகவே வையுங்கள். நிறுத்தி வைத்தால் நம் வெக்கையில் ஜெலி இளகி உறுப்புகள் மெல்ல ஒரு பக்கம் வழுகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வையுங்கள், பூஞ்சணம் வராது.

எதை அளப்பது என்று கேட்கவில்லை, ஆனால் இதில்தான் பல விவரிப்புகள் பிழைக்கின்றன. இந்தச் சாதிக்கு எல்லோரும் பின்பற்றும் அளவுகள் இருக்கின்றன: முதுகுக் கவசத்தின் நீளம், அகலம், விகிதம், பெரிய தகட்டின் நீளம், நான்கு சிறுதகடுகளின் நீள அகலம், நேதோசோமாக் குழிவின் நீளம், கொக்சா 1 முழு நீளமும் நடு நீளமும், கொக்சா 2+3 நடுப் பொருத்துக்கோட்டின் நீளம், இனப்பெருக்கத் தகட்டின் நீள அகலம், அதில் இருந்து கழிவுத்துளைக்கும் உடம்பின் பின்விளிம்புக்கும் உள்ள தூரம், ஆணில் விந்துதள்ளும் அமைப்பின் நீளம், நேதோசோமா, கெலிசெரா நீளம், பெடிபல்ப்பின் ஐந்து கணுக்களும் தனித்தனியே. கணுவின் நீளத்தை முதுகு விளிம்பு வழியாக அளக்க வேண்டும், உயரம் அதிகபட்ச இடத்தில். கழிவுத்துளையும் கிளண்டுலேரியாத் (தோற்சுரப்பித்) துளைகளும் எங்கே நிற்கின்றன என்பதையும் எழுதுங்கள்.

ஆண் பெண் பிரிப்பையும் உறுதி செய்யுங்கள். ஆணில் இனப்பெருக்கத் தகடு ஒடுங்கி நீண்டிருக்கும், கொக்சா 2+3 நடுக்கோடும் நீளம். பெண்ணில் தகடு அகலம், நடுக்கோடு மிகக் குறுகியது. ஒளியை ஊடுருவவிட்டால் ஆணில் விந்துதள்ளும் அமைப்பின் எலும்புபோன்ற சட்டகம் உள்ளே தெரியும். பெண்ணில் பெரிய முட்டைகள் தெரியலாம்.

படம் கோட்டுச்சித்திரமாக இருக்கட்டும். அடுக்குப் புகைப்படம் (பல குவியங்களில் எடுத்து ஒன்றாக்கியது) அழகு, துணைக்குப் போடுங்கள். ஆனால் பெடிபல்ப்பில் எந்தச் சீட்டா உட்பக்கம், எது வெளிப்பக்கம் என்பது கோட்டுச்சித்திரத்தில்தான் விளங்கும்.

---

ஆற்றுமணல் எழுதியது:

வில்லைக்கண் அக்கா, களனிக்கரை அண்ணை, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஓர் ஆணைப் பிரித்து ஸ்லைட் செய்தாயிற்று. பெடிபல்ப்பில் ஒரு குழப்பம். கழற்றிய இடப்பக்கத்தில் நான்காம் கணு 96 மைக்றோமீற்றர், நேதோசோமாவோடு இருக்கும் வலப்பக்கத்தில் 88. இரண்டாம் கணுவின் கீழ்முனையில் உள்ள முனைப்பும் இடப்பக்கத்தில் கூராகவும் வலப்பக்கத்தில் மழுங்கலாகவும் தெரிகிறது. இது ஒரே உயிரியில் வரும் வேறுபாடா?

---

வில்லைக்கண் பதில்:

அநேகமாகக் கிடக்கும் கோணம்தான் காரணம் தம்பி. நேதோசோமாவோடு நிற்கும் பெடிபல்ப் தளத்துக்குச் சமாந்தரமாகக் கிடப்பதில்லை, முனை உங்கள் கண்ணை நோக்கிச் சரிந்திருக்கும். சரிந்த கணு குறுகித் தெரியும். 96க்கு 88 என்றால் ஏறத்தாழ 24 பாகைச் சரிவு போதும். சரிபார்க்க எளிய வழி: நுண்குவியத்தைத் திருப்பிக்கொண்டே கணுவின் அடியும் முனையும் ஒரே குவியத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த அளவை எடுக்கக் கூடாது. முனைப்பின் வடிவமும் அப்படியே. பக்கவாட்டில் கூராக இருப்பது சற்று மேலிருந்து பார்த்தால் மழுங்கும். இந்தச் சாதியில் இரண்டாம், மூன்றாம் கணுக்களின் முனைப்புகளை வைத்து இனம் பிரிப்பார்கள் என்பதால், கழற்றிய பெடிபல்ப் மட்டமாகக் கிடக்கும் ஸ்லைட்டில் இருந்து மட்டும் வரையுங்கள்.

கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் தனியாக மேடை மைக்றோமீற்றரால் அளவுதிருத்தியிருக்கிறீர்களா? 40 மடங்குக்கு எடுத்த பெறுமானத்தை 100 மடங்குக்குக் கணக்கால் மாற்றுவது நம்பகமில்லை.

---

நீரடி பதில்:

டி.என்.ஏ. கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். விலங்கியல் பெயரீட்டு விதிகள் டி.என்.ஏ.யைக் கேட்பதில்லை, உருவ விவரிப்பு மட்டும் இருந்தாலும் பெயர் செல்லும். ஆனால் டொரென்டிகோலா சில நூறு இனங்கள் கொண்ட சாதி, உருவத்தில் பிரிக்கக் கடினமான கூட்டங்கள் இருக்கின்றன. 2017ல் வெளிவந்த வட அமெரிக்கத் திருத்தம் 90 விவரிப்புகளை உருவமும் டி.என்.ஏ.யும் சேர்த்தே கொடுத்தது. அதற்குப் பிறகு இந்தச் சாதியில் பார்கோட் (இனம் காண எடுக்கும் ஒரு மரபணுவின் குறுகிய டி.என்.ஏ. வரிசை) இல்லாத ஓர் இனத்தை முன்வைப்பது அடுத்து வருபவருக்குப் பாரமாகும். எதனோலில் மூன்று இருக்கும்போது விடாதீர்கள்.

உடம்பை அரைக்கவும் தேவையில்லை. மெல்லிய ஊசியால் பக்கச்சவ்வில் ஒரு குத்து, புரோட்டினேஸ் கே சேர்த்த கரைசலில் 56 பாகை செல்சியஸில் இரவு முழுக்க. நொதியம் தசையைக் கரைக்கும், ஓடு முழுதாக மிஞ்சும். குழாயில் இருந்து ஓட்டை எடுக்கும்போதுதான் ஆட்கள் தொலைக்கிறார்கள்: மையவிலக்கி அதை அடியில் ஒட்டவைத்துவிடும், அல்லது பிப்பெற் முனைக்குள் போய்விடும். கரைசலை முதலில் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஸ்டீரியோ நுணுக்குக்காட்டியில் ஓட்டைக் கண்ட பிறகு கோனிக்கேக்கு மாற்றுங்கள். அந்த ஓட்டையே ஸ்லைட் செய்தால் வரிசையும் உருவமும் ஒரே உயிரியுடையதாக இருக்கும். முடிந்தால் அதுவே ஹோலோடைப்பாக இருக்கட்டும்.

ஃபோல்மர் குழுவின் 1994ஆம் ஆண்டு பிரைமர்கள் (டி.என்.ஏ. பெருக்கத்தைத் தொடக்கும் சிறு துண்டுகள்), எல்.சி.ஓ. 1490, எச்.சி.ஓ. 2198, முதலில் போடுங்கள். 658 காரச் சோடி கிடைக்கும். கிடைத்த வரிசையை மொழிபெயர்ப்புச் சட்டகத்தில் வைத்துப் பார்த்து, நடுவில் நிறுத்தக் குறியீடு வந்தால் அது போலி மரபணு அல்லது வாசிப்புப் பிழை. உயிரி உண்ட இரையின் டி.என்.ஏ. வந்திருக்கவும் கூடும், ஆகவே தரவுத்தளத்தில் ஒப்பிட்டு அது சிற்றுண்ணிதான் என்று உறுதிசெய்யுங்கள். நிம்ப் எதனோலில் இருந்தால் அதையும் சேர்த்து ஓட்டுங்கள், களனிக்கரை சொன்ன சந்தேகம் அதோடு தீரும். ஒரே ஒரு மரபணுவின் தூரத்தை மட்டும் வைத்து ‘புதிய இனம்’ என்று எழுத வேண்டாம். உருவத்தில் கைவைத்துக் காட்டக்கூடிய வேறுபாடு இருந்தால்தான் அந்தத் தூரத்துக்குப் பொருள்.

---

பட்டியல் பதில்:

‘இந்தியத் திறவுகோலில் பொருந்தவில்லை’ என்பது தொடக்கம் மட்டும். இலங்கை நீர்ச்சிற்றுண்ணிகளுக்கு ஆய்வாளர் லண்ட்ப்ளாட் 1971ல் ஜேர்மன் மொழியில் எழுதியது இருக்கிறது. தலைப்பிலேயே ‘மேலும்’ என்று இருக்கும், அதாவது அதற்கு முன்னரும் எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கு டேவிட் குக்கின் 1967ஆம் ஆண்டுப் பெரிய தொகுப்பு. இலங்கையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் நன்னீர் விலங்குகளில் நெருங்கியவை, ஆகவே கேரளம், தமிழ்நாடு, கர்நாடகத்தில் இருந்து விவரிக்கப்பட்ட ஒவ்வொரு டொரென்டிகோலாவோடும் ஒப்பிட வேண்டும். சுமாத்திரா, ஜாவா இனங்களையும் விடாதீர்கள். பழைய விவரிப்புகள் சில ஒரு பாலை மட்டும், சில சமயம் ஒற்றை உயிரியை மட்டும் வைத்து எழுதப்பட்டவை. ஆணை மட்டும் விவரித்த பழைய இனத்தை உங்கள் பெண்ணோடு ஒப்பிட்டு ‘வேறு’ என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் மூல மாதிரி இருக்கும் நூதனசாலைக்கு எழுதி, பெடிபல்ப், கொக்சாப் பகுதி, இனப்பெருக்கத் தகடு மூன்றின் படத்தைக் கேளுங்கள்.

வேறுபடுத்தும் பந்தி, அதுதான் முழுக் கட்டுரையின் உயிர். ‘மற்ற எல்லா இனங்களிலும் இருந்து வேறுபடுகிறது’ என்று எழுதுவது எதையும் சொல்லவில்லை. மிக நெருங்கிய இரண்டு அல்லது மூன்று இனங்களைப் பெயர் சொல்லி எடுத்து, எந்தப் பண்பு, இதில் எவ்வளவு, அதில் எவ்வளவு என்று எண்ணோடு எழுதுங்கள். அந்த எண்கள் ஒரே பாலினுடையதாக இருக்க வேண்டும். ஐந்து உயிரிகளின் வீச்சையும் கொடுங்கள், சராசரியை மட்டும் கொடுக்காதீர்கள். வீச்சு நெருங்கிய இனத்தின் வீச்சோடு மேற்படிந்தால் அந்த அளவை வேறுபாடாகப் பாவிக்காதீர்கள்.

பெயரீட்டு விதிகளின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பெயர் புதியது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும், வேறுபடுத்தும் விவரிப்பு வேண்டும், ஹோலோடைப்பை வெளிப்படையாக நிறுவ வேண்டும், அது எந்தச் சேகரிப்பில், எந்த ஊரில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகையில் வெளியிடலாம், ஆனால் கட்டுரை ஸூபாங்க் என்னும் விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதியப்பட்டு, அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே அச்சாகியிருக்க வேண்டும். சான்று விடுபட்டால் பெயர் செல்லாது, பிறகு இன்னொரு வெளியீடு தேவைப்படும். ஆய்வேட்டிலோ மாநாட்டுச் சுருக்கத்திலோ பெயரை முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். அதுவரை ‘டொரென்டிகோலா இனம் அ’ போதும்.

டொரென்டிகோலாவைப் பெண்பாலாகவே பாவிக்கிறார்கள், ஆகவே இலத்தீன் உரிச்சொல்லை வைத்தால் பெண்பால் விகுதி. இடப்பெயரோடு ‘என்சிஸ்’ என்று முடித்தால் ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் பொருந்தும். இடத்தைப் பெயராக்க விரும்பினால் ஓயாவின் பெயரை யோசியுங்கள். ‘இலங்கை’ அல்லது ‘சிலோன்’ என்று வைப்பது ஆயிரம் இடத்தில் பாவித்துத் தேய்ந்தது. அதே சாதியில் அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

மாதிரியை இங்கேயே வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஹோலோடைப் கொழும்புத் தேசிய நூதனசாலையில், பரடைப்புகளில் (ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிக்கும் மற்ற மாதிரிகளில்) ஒரு ஆணும் பெண்ணும் முடிந்தால் வெளியே ஒரு பெரிய சேகரிப்பில். ஒரே இடத்தில் எல்லாம் இருந்தால் ஒரு விபத்தில் எல்லாம் போகும். ஹோலோடைப் நாட்டில் இருந்தால் இங்கே படிக்கும் அடுத்த மாணவன் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். வெளியே அனுப்பும் எதற்கும், பரிசோதனைக்கு அனுப்பும் டி.என்.ஏ.க்கும்கூட, சேகரிக்கும் அனுமதி போதாது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் ஏற்றுமதி பற்றித் தனியாகக் கேளுங்கள். இடம் ஒதுக்குக் காட்டுக்குள் என்றால் வனபரிபாலனத் திணைக்களமும் சம்பந்தப்படும். அனுமதி எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள், இப்போது சஞ்சிகைகள் கேட்கின்றன. ‘ஸூடாக்ஸா’ சஞ்சிகையில் திறந்த அணுக்கம் (எவரும் இலவசமாகப் படிக்கும் வசதி) கட்டாயமில்லை, அதை எடுக்காவிட்டால் ஆசிரியர் கட்டணம் கட்டத் தேவையில்லை.

சேகரித்த இடத்தை ஐந்து தசம தானத்தில் ஆள்கூறாக, டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று குறித்து, நீர்விளிம்பில் இருந்து எத்தனை மீற்றர், எத்தனை சென்ரிமீற்றர் ஆழம், சரளையின் அளவு, நீர் வெப்பநிலை எல்லாம் எழுதுங்கள். களனியில் மணல் அகழ்வு எங்கும் நடக்கிறது. இன்று இருக்கும் திட்டு அடுத்த வருடம் இருக்கும் என்று சொல்ல ஏலாது. படம் எடுத்து வையுங்கள்.

---

ஆற்றுமணல் எழுதியது:

மிக்க நன்றி. ஒரு கடைசிக் கேள்வி. பிரித்த ஆண் கோனிக்கேயில் இருந்தது, அதற்கு வரிசை எடுக்க ஏலாது. எதனோலில் இருப்பவை ஓர் ஆண், ஒரு பெண், அந்த நிம்ப். அந்த ஆணை ஹோலோடைப்பாக வைப்பதா, அல்லது ஏற்கனவே வடிவாக ஸ்லைட் ஆன ஆணை வைப்பதா?

---

நீரடி பதில்:

எதனோல் ஆணில் வரிசையும் கிடைத்து, ஓடும் சேதமில்லாமல் ஸ்லைட் ஆனால் அதுவே ஹோலோடைப். கால் முறிந்திருப்பது பரவாயில்லை, முறிந்த துண்டையும் அதே ஸ்லைட்டில் வையுங்கள். பெடிபல்ப் இரண்டும் சேதமானால் மட்டும் மற்ற ஆணுக்குப் போங்கள், அப்போது வரிசை எடுத்தது பரடைப் ஆகும். எது எந்த உயிரியில் இருந்து வந்தது என்று அட்டவணையில் தெளிவாக எழுதுங்கள்.

---

பட்டியல் பதில்:

அதோடு உடன்படுகிறேன். தீர்மானம் ஸ்லைட் இறுகிய பிறகு இருக்கட்டும். லேபிளைப் பென்சிலால் அல்லது அழியா மையால் எழுதி ஸ்லைட்டில் ஒட்டுங்கள்: ஹோலோடைப், பால், ஓயாவின் பெயர், ஆள்கூறு, திகதி, ஆழம், சேகரித்தவர், ஊடகத்தின் பெயர். ஊடகத்தை எழுதாமல் விட்டால், நாளைக்கு ஒருவர் அதைத் திருப்பி ஏற்ற வேண்டி வந்தால் எதில் கரைப்பது என்று தெரியாது. நூதனசாலைப் பதிவு எண்ணை அங்கே ஒப்படைத்துப் பெற்ற பிறகு கைப்பிரதியை அனுப்புங்கள். ‘வைக்கப்படும்’ என்று எழுதினாலும் விதி ஏற்கும், ஆனால் எண் இல்லாத ஹோலோடைப்பைச் சேகரிப்பில் பிறகு தேடுவது மிகவும் சிரமம்.